விழப்போகும் பல்தானே என்று விட்டுவிடாதீர்கள்!

"விழப்போகிற பல்தானே, அதற்கு எதற்கு வைத்தியம்?" நம் இல்லங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பிள்ளையின் பாற்பல் சொத்தையானால் கிராம்பு எண்ணெய் தடவி வலியை அடக்குகிறோம். வலி மீண்டும் வந்தால் பிடுங்கிவிடச் சொல்கிறோம். இதனால் விளையும் இழப்பு பல ஆண்டுகள் கழித்தே கண்ணுக்குப் புலப்படும்.

ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் முளைக்கத் தொடங்கும் பாற்பற்கள், இரண்டரை வயதளவில் 20 ஆக நிறைவுறுகின்றன. முன்பற்கள் 6, 7 வயதில் விழத் தொடங்கும். ஆனால் பாற் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை நிலைத்திருக்க வேண்டியவை. மெல்லுவது மட்டுமன்று அவற்றின் பணி. பின்னர் வரும் நிலைப்பற்களுக்கு இடத்தைக் காத்து வைப்பவையும் அவையே.

தாடை வளரும்போது இடம் தானே உண்டாகிவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். தாடை நீள்வது பெரும்பாலும் பின்புறத்தில்தான். அந்த இடம் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பற்களுக்கே உரியது. பிள்ளைகளின் பல்வரிசையை 3 வயது முதல் 18 வயது வரை தொடர்ந்து ஆராய்ந்து, கொன்ராட் மூரீஸ் 1959இல் ஒரு நூல் வெளியிட்டார். இத்தகைய ஆய்வுகள் ஒரு வியப்பான உண்மையைக் காட்டுகின்றன: பாற்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் அமையும் காலத்தில், கீழ்வரிசையின் முன்பகுதிச் சுற்றளவு கூடுவதில்லை, சில மில்லிமீட்டர் குறையவே செய்கிறது!

ஆறு வயதளவில், கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் இது முளைப்பதால் பலர் இதையும் பாற்பல் என்றே எண்ணிவிடுகின்றனர். இது வாழ்நாள் முழுவதற்குமான பல். இதற்கு முன்னுள்ள பாற்பல்லை உரிய காலத்திற்கு முன்பே பிடுங்கினால், இது மெல்ல முன்னோக்கி நகர்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு வரவேண்டிய பல் கோணலாக முளைக்கும், அல்லது வெளிவர வழியின்றி உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

ஆகவே, இயன்றவரை பல்லைக் காப்பதே முறை. அதற்கான பொருட்களும் இன்று உள்ளன. முன்பு பெரிதும் பயன்பட்ட வெள்ளி அடைப்பில் ஏறத்தாழ பாதி பாதரசமே. 15 வயதுக்குட்பட்டோருக்கும், கருவுற்ற, பாலூட்டும் தாய்மார்களுக்கும், மருத்துவர் அவசியமெனக் கருதினாலன்றி அதனைத் தவிர்க்க மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2022இல் முடிவு செய்தன. லண்டனில் வில்சன், கென்ட் ஆகியோர் உருவாக்கி 1972இல் அறிவித்த 'கிளாஸ் அயனோமர்' சிமெண்ட் பல்லோடு ஒட்டிக்கொண்டு, சிறிது சிறிதாக ஃபுளோரைடையும் வெளியிடுகிறது. சொத்தை பெரிதானால், துருப்பிடிக்காத எஃகு உறையால் பல்லை மூடலாம். பல்லை எடுத்தே தீரவேண்டுமானால், அவ்விடம் மூடிக்கொள்ளாமல் தடுக்கும் கம்பிக் கருவி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

தாய்மார்களே! பால் புட்டியை வாயில் வைத்தபடி குழந்தையை உறங்க விடாதீர்கள். 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி மணியளவும், 3 முதல் 6 வயதுப் பிள்ளைக்குப் பட்டாணி அளவும் ஃபுளோரைடு பற்பசை போதும். இரவில் துலக்கிய பின் இனிப்பு வேண்டாம்.

மிஸ்வாக் செய்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவு வலியுறுத்தினார்கள் என்பதை நாம் அறிவோம். வாய்த் தூய்மையைச் சுன்னத்தாகப் போற்றும் நாம், பிள்ளையின் பாற்பல்லையும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதமாகவே கருத வேண்டாமா? இன்றிரவே உங்கள் பிள்ளையின் வாயைத் திறந்து, கடைவாய்ப் பற்களைப் பாருங்கள்.