முதுகெலும்புக்குச் சிமெண்ட்: வலியைக் குறைப்பது எது?

எலும்பு மெலிந்துபோன முதியவர்களுக்கு முதுகெலும்பு முறிய, கீழே விழ வேண்டும் என்பதே இல்லை. குனிந்து வாளியைத் தூக்கினாலோ பலமாக இருமினாலோகூட ஒரு முள்ளெலும்பு நசுங்கிவிடலாம். அதன்பின் புரண்டு படுக்கவும் விடாத வலி. இதற்குச் செய்யப்படும் சிகிச்சைகளில் ஒன்று வெர்டிப்ரோபிளாஸ்டி. எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே முதுகு வழியாக ஊசியைச் செலுத்தி, நசுங்கிய எலும்புக்குள் அக்ரிலிக் சிமெண்டை நிரப்புவார்கள். சீக்கிரமே அது இறுகிவிடும். பிரான்சின் அமியான் நகரில் 1984-ல் முதன்முதலாக இதைச் செய்தபோது, நோயாளிக்கு இருந்தது எலும்பு மெலிவு அல்ல, கழுத்து முள்ளெலும்பில் ஒரு ரத்தக்குழாய்க் கட்டி.

படுத்த படுக்கையாக வந்தவர்கள் எழுந்து நடந்ததைப் பார்த்த மருத்துவர்கள் இதை நம்பியதில் வியப்பில்லை. ஆனால் இந்த வலி, பலருக்கு வாரங்கள் செல்லச் செல்லத் தானாகவும் தணியும். அப்படியானால் நடக்க வைத்தது சிமெண்டா, நாட்களா?

2009-ல் வெளியான இரண்டு ஆய்வுகள் இதைத்தான் சோதித்தன. மாயோ கிளினிக்கின் கால்ம்ஸ் தலைமையிலான ஆய்வில் 131 பேர். பாதிப் பேருக்கு உண்மையான சிகிச்சை. மீதிப் பேருக்கு நாடகம். நாடகம் என்றாலும் அரைகுறையாக நடத்தவில்லை. எலும்பின் மேலுறை வரை மரத்துப்போகும் மருந்தைப் போட்டார்கள், முதுகை அழுத்தினார்கள், சிமெண்ட் திரவத்தைத் திறந்து அதன் நெடி அறையெங்கும் பரவும்படி செய்தார்கள். சிமெண்ட் மட்டும் உள்ளே போகவில்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், பத்துக்கு ஏழு என்றிருந்த வலி சிமெண்ட் வைத்தவர்களுக்கு 3.9, வைக்காதவர்களுக்கு 4.6. தற்செயல் என்று ஒதுக்கிவிடக்கூடிய வித்தியாசம்தான். பக்பிண்டர் தலைமையிலான ஆஸ்திரேலிய ஆய்வும் இதையே சொன்னது.

சிமெண்ட் வைத்துவந்த மருத்துவர்கள் சும்மா இருக்கவில்லை. ஓராண்டு வரை பழைய முறிவுகளையும் சேர்த்துவிட்டீர்கள் என்றார்கள். அது நியாயமான கேள்வி. 2016-ல் வந்த ‘வேப்பர்’ என்ற ஆஸ்திரேலிய ஆய்வு, முறிந்து ஆறு வாரத்துக்குள் கடும் வலியோடு இருந்த 120 பேரை மட்டும் எடுத்துக்கொண்டது. இரண்டு வாரத்தில் வலி நான்குக்குக் கீழ் இறங்கியது சிமெண்ட் வைத்தவர்களில் 44 சதவீதம் பேருக்கு. மற்றவர்களில் 21 சதவீதம் பேருக்கே. இங்கே ஒரு நுணுக்கம்: போலிச் சிகிச்சையில் மரத்துப்போகும் மருந்தை இவர்கள் தோலடியோடு நிறுத்திக்கொண்டார்கள், எலும்பு வரை செலுத்தவில்லை. முந்தைய ஆய்வுகளில் வலியைத் தணித்தது அந்த ஆழமான ஊசியாகவே இருக்கலாம் என்ற வாதம் இன்றும் உண்டு.

2018-ல் நெதர்லாந்தில் 180 பேரிடம் நடந்த ‘வெர்டோஸ் 4’ ஆய்வில் மறுபடியும் பெரிய வித்தியாசம் இல்லை. அதே ஆண்டு காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும், இதை வழக்கமான சிகிச்சையாகச் செய்ய ஆதாரம் போதாது என்றது. முறிந்த முதல் சில வாரங்களில், மாத்திரைக்கு அடங்காத வலியில் துடிப்பவருக்கு யோசிக்கலாம். மற்றவர்கள் பொறுத்திருப்பதே நல்லது என்றுதான் எனக்குப் படுகிறது. சிமெண்ட் கசிவது சகஜம். பெரும்பாலும் தொல்லை தராது. அபூர்வமாக நரம்பை அழுத்தும், நுரையீரலுக்கும் போய்விடும்.

முதுகெலும்பு ஒருமுறை நசுங்கியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் இன்னொன்றும் நசுங்குகிறது. எலும்பு மெலிவைச் சிமெண்ட் தடுக்காது. அதற்கு சோலெட்ரானிக் அமிலம், டெரிபாராடைடு போன்ற மருந்துகள் தனியாகத் தேவை.