திட்டம் தீட்டுவோம் – 9
எந்தக் கிளையில் எந்தப் புராஜெக்ட்?

ஒரு புராஜெக்டை வேலைகளாகப் பிரிப்பது பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். நிறுவனத்தில் புராஜெக்டுகள் இருபது, முப்பது என்று பெருகியதும் அடுத்த கேள்வி வரும்: இத்தனையையும் மென்பொருளில் எப்படித் தொகுத்து வைப்பது? பல இடங்களில் இதை யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. மென்பொருளை நிறுவும் நாளில் கணினி முன் இருப்பவருக்குத் தோன்றியதே நிலைத்துவிடுகிறது.

கட்டுமானத் துறையில் பரவலாகப் புழங்கும் பிரைமவேராவை எடுத்துக்கொள்வோம். வளைகுடா நாடுகளில் பிளானிங் இன்ஜினியராக வேலை பார்க்கும் நம்மவர்கள் பலருக்கு இது அன்றாடச் சோறு. 2008-ல் ஆரக்கிள் இதை வாங்கியது. இதன் பி6 மென்பொருளில் இ.பி.எஸ். என்றொரு மரம் உண்டு. உச்சியில் நிறுவனம், அதன்கீழ் பிரிவுகள், அவற்றின்கீழ் புராஜெக்டுகள். ஒரு புராஜெக்ட் ஒரே ஒரு கிளையில்தான் இருக்க முடியும். சிக்கலே அங்கேதான்.

கோவையில் ஒரு மேம்பால வேலை என்று வையுங்கள். பணம் கொடுப்பது ஓர் அரசுத் துறை. வேலையை நடத்துவது மேற்கு மண்டல மேலாளர். இதை வாடிக்கையாளர் பெயரில் வைப்பதா, ‘பாலங்கள்’ என்ற கிளையிலா, மண்டலத்திலா?

பொறுப்பு யாருடையதோ அவருடைய கிளையில் வையுங்கள் என்பேன். பி6-ல் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பொறுப்பு மேலாளர் உண்டு. அவர் ஓ.பி.எஸ். என்ற இன்னொரு மரத்திலிருந்து, அதாவது பொறுப்பாளர்களின் மரத்திலிருந்து, வருகிறார். யார் எதைப் பார்க்கலாம், எதைத் திருத்தலாம் என்பதை இந்த இணைப்புதான் தீர்மானிக்கிறது. வாடிக்கையாளர் பெயரில் கிளை அமைத்து அனுமதி கொடுத்தால், அதே வாடிக்கையாளருக்குச் சென்னையில் வேலை செய்யும் மேலாளருக்குக் கோவைக் கணக்கும் திறந்துவிடும். பிறகு ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனித்தனியாகப் பூட்டுப் போட வேண்டும். பூட்டியவர் வேலை மாறிப் போனால், எது ஏன் பூட்டப்பட்டது என்று சொல்ல ஆளிருக்காது.

சரி, அரசு வேலைகளை மட்டும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால்? அதற்குத்தான் புராஜெக்ட் கோடு. வாடிக்கையாளர், வேலை வகை, மாவட்டம் என்று எத்தனை கோடு வேண்டுமானாலும் ஒரே புராஜெக்டில் ஒட்டலாம். மரத்தைத் தொடாமலே, கோடு வாரியாக அடுக்கிக் காட்டச் சொல்லலாம். ஆசானா என்ற மென்பொருளில் இந்த வசதி வேறு வடிவில் இருக்கிறது: ஒரே புராஜெக்டைப் பல போர்ட்ஃபோலியோக்களில் சேர்க்கலாம். ஜிரா என்ற மென்பொருளில் ஒரு புராஜெக்டுக்கு ஒரே ஒரு கேட்டகரிதான். ஆகவே அதை எதற்குப் பயன்படுத்துவது என்பதில் கூடுதல் கவனம் வேண்டும்.

இலவசமாகக் கிடைப்பதால் சிறு நிறுவனங்கள் நாடும் ரெட்மைனில் புராஜெக்டுக்குள் புராஜெக்ட், அதற்குள் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போகலாம். துணைப் புராஜெக்டை உருவாக்கும்போது, தாய்ப் புராஜெக்டின் உறுப்பினர்களை அப்படியே எடுத்துக்கொள்ளவா என்று கேட்கும் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். யோசிக்காமல் அதை டிக் செய்துவிடாதீர்கள். தாய்ப் புராஜெக்டில் வாடிக்கையாளரை உறுப்பினராகச் சேர்த்திருந்தால், உங்கள் உள்கணக்கு மதிப்பீடுகள் இருக்கும் துணைப் புராஜெக்டிலும் அவர் உறுப்பினராகிவிடுவார்.

முடிந்த வேலைகளுக்கென்று ‘பழையவை’ என்று தனிக் கிளை வைப்பதும் வேண்டாம். பொறுப்பாளரின் கிளையிலிருந்து பிடுங்கி அங்கே நட்டுவிட்டால், அந்த மண்டலம் இதுவரை என்னென்ன செய்தது என்று பார்க்க இரண்டு இடத்தில் தேட வேண்டிவரும். பி6-ல் புராஜெக்டின் நிலையை ‘இன்ஆக்டிவ்’ என்று மாற்றி, வடிகட்டிப் பார்த்தால் போதும். ரெட்மைனில் ‘குளோஸ்’ செய்தால் படிக்கலாம், திருத்த முடியாது. ‘ஆர்க்கைவ்’ செய்தால் கண்ணிலேயே படாது. உத்தரவாதக் காலம் முடியும்வரை ‘குளோஸ்’ மட்டும் செய்து வையுங்கள். பழைய வரைபடத்தையும் கடிதத்தையும் தேட வேண்டிய தேவை அந்தக் காலத்தில்தான் அதிகம்.

(தொடரும்)