ஒரே கேஜ் தகடுதான்... ஒன்று வளையுது, இன்னொன்று விரிசல் விடுது ஏன்? திண்டுக்கல் பூட்டுப் பட்டறையும் எஃகு ஆராய்ச்சியும்

பீரோ வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் சொல்வது 'கேஜ்' கணக்குதான். 20 கேஜ் என்றால் தகட்டின் தடிமன் சுமார் 0.9 மில்லிமீட்டர். 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மில்லிமீட்டர். எண் குறையக் குறையத் தகடு கனமாகும். திண்டுக்கல்லில் பூட்டு, பீரோ, இரும்புப் பெட்டி செய்பவர்களுக்கும் இது பழகிப்போன கணக்கு.

ஆனால் ஒரே கேஜில் வாங்கிய இரண்டு தகட்டில் ஒன்று சொன்னபடி வளையும், இன்னொன்று மடித்த இடத்திலேயே விரிசல் விடும். காரணம் எளிது. கேஜ் சொல்வது தடிமனை மட்டும்தான், தகட்டோட குணத்தை அது சொல்லாது. அந்தக் குணத்தை அளப்பதற்கென்றே உலகம் முழுக்க ஒரு ஆராய்ச்சித் துறை இருக்கிறது. பக்கத்தில் திருச்சியிலும் நடந்திருக்கிறது. கையால் பூட்டு செய்யும் ஊருக்கு அது எதற்கு?

பூட்டு ஊரின் சிக்கல்

திண்டுக்கல் பூட்டுக்கு 2019 ஆகஸ்ட்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே மாதத்தில்தான் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. நகரத்தில் நாகல் நகர், சுற்றுவட்டாரத்தில் நல்லாம்பட்டி என்று பல இடங்களில் தலைமுறைகளாக நடந்துவரும் தொழில் இது. மாங்காய்ப் பூட்டு இன்றைக்கும் ஊர் பெயரைச் சொல்லும் சரக்கு.

தகட்டை வெட்டுவது, தட்டி வளைப்பது, உள்ளே லீவர்களை அடுக்குவது, ரிவெட் அடிப்பது, அரத்தால் ராவுவது என அத்தனையும் கைவேலை. போட்டியோ உத்தரப் பிரதேசத்தின் அலிகாரில் இருந்து வருகிறது. அங்கே இயந்திர உற்பத்தி அதிகம், விலை குறைவு. "நாமும் ஒரு பிரஸ் போட்டுட்டா என்ன?" என்ற கேள்வி எழுவது இயல்புதான்.

பிரஸ் வாங்கலாம். ஆனால், கை பார்த்துப் பழகிய விஷயங்கள் பிரஸ்ஸுக்குத் தெரியாது. வேலை செய்பவர் தகட்டை ஒரு தட்டு தட்டிப் பார்த்தே அது மெத்தென்று இருக்கிறதா, விறைப்பாக இருக்கிறதா என்று கண்டுகொள்வார், அதற்கேற்ப அடியைக் கூட்டுவார், குறைப்பார். பிரஸ் எல்லாத் தகட்டுக்கும் ஒரே அடிதான் அடிக்கும்.

வளைச்சா வளையும், விட்டா கொஞ்சம் நிமிரும்

எந்தத் தகட்டை மடித்தாலும் கையை எடுத்ததும் அது லேசாக நிமிரும். இதற்கு 'ஸ்பிரிங்பேக்' என்று பெயர். தகட்டை வளைக்கும்போது அதன் ஒரு பகுதி நிரந்தரமாக உருமாறுகிறது. இன்னொரு பகுதி ரப்பர் மாதிரி இழுபட்டு நிற்கிறது. அழுத்தம் போனதும் அந்த ரப்பர் பகுதி பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும்.

எவ்வளவு திரும்பும்? எஃகின் இழுபடும் விறைப்பு எல்லா வகைக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், சுமார் 200 ஜிகாபாஸ்கல். வித்தியாசம், எந்த அழுத்தத்தில் தகடு நிரந்தரமாக உருமாறத் தொடங்குகிறது என்பதில் இருக்கிறது. சாதாரண மென்எஃகுத் தகட்டில் இது சுமார் 200 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் 1 மீட்டர் நீளத்தை இழுத்து விட்டால் சுமார் 1 மில்லிமீட்டர் பின்வாங்கும். கார்களில் போடும் உறுதி கூடிய எஃகில் இந்த எல்லை 600 மெகாபாஸ்கலாக இருந்தால், பின்வாங்குவது 3 மில்லிமீட்டர். உறுதி கூடக் கூட, தகடு நிமிரப் பார்க்கும் குணமும் கூடும்.

அதனால்தான் 90 டிகிரி மூலை வேண்டுமென்றால் பெண்டிங் மெஷினில் 88 டிகிரி டை போடுகிறார்கள். மென்எஃகுக்கு அந்த ஒன்றிரண்டு டிகிரி போதும். அடுத்த லோடில் வந்த தகடு கொஞ்சம் விறைப்பாக இருந்தால் போதாது. மூலை விரிந்தே நிற்கும், மூடி உட்காராது. கைவேலையில் இதைச் சரிசெய்ய இன்னும் ஒரு அடி போதும். பிரஸ்ஸில் வரிசையாக ஐந்நூறு உருப்படி அடித்து முடித்த பிறகுதான் தெரியவரும்.

தட்டத் தட்ட இறுகும்

இரும்புக் கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் மடக்கினால் கடைசியில் ஒடிந்துவிடும். எல்லோரும் செய்து பார்த்ததுதான். உலோகத்தின் படிகங்களுக்குள் 'டிஸ்லொகேஷன்' எனும் அடுக்குப் பிசகுகள் இருக்கின்றன. அவை நகர்வதால்தான் உலோகம் வளைகிறது. அதிகம் வளைத்தால் பிசகுகள் பெருகி, ஒன்றையொன்று சிக்கவைத்து, நகர முடியாமல் நின்றுவிடும். தகடு இறுகும், அதற்கு மேல் விரியும்.

இந்த இறுக்கத்துக்கு நல்ல பக்கமும் உண்டு. ஒரு இடம் இழுபட்டு மெலியும்போது அந்த இடம் இறுகிக்கொள்வதால், இழுவை பக்கத்து இடத்துக்குப் பரவுகிறது. இந்தக் குணம் அதிகமுள்ள தகடு சீராக நீளும், குறைவான தகடு ஒரே இடத்தில் மெலிந்து கிழியும். பட்டறைக்குத் தகடு வாங்கும்போது தடிமனைவிட இதுதான் முக்கியமான எண் என்று சொல்லலாம். ஆனால் இதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு.

இறுகிய தகட்டை மறுபடி மெத்தென்று ஆக்கும் வழி கொல்லர்களுக்குக் காலங்காலமாகத் தெரியும். உலையில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, மெதுவாக ஆறவிடுவது. சுமார் 600-700 டிகிரி செல்சியஸில் எஃகுக்குள் பழைய சிக்கல் படிகங்கள் போய்ப் புதிய படிகங்கள் வளர்கின்றன. கார் தொழிற்சாலைகள் இதையே வேறு விதமாகச் செய்கின்றன. போரான் கலந்த தகட்டைச் சுமார் 900 டிகிரிக்குக் காய்ச்சி, சூட்டோடு அழுத்தி, டைக்குள்ளேயே சட்டென்று குளிர வைக்கிறார்கள். 1970களில் ஸ்வீடனில் பிறந்த உத்தி இது. உலைச்சூட்டில் தட்டும் கொல்லரின் அதே எண்ணம்தான், ஆற வைக்கும் வேகம் மட்டும் நேர் எதிர். ஸ்பிரிங்பேக் தொல்லையும் இதில் பெரும்பாலும் போய்விடுகிறது.

தகட்டுக்கும் 'நார்' உண்டு

மூங்கிலை நீளவாக்கில் பிளக்கலாம், குறுக்கே பிளக்க முடியாது. தகட்டிலும் இதுபோல ஒரு திசை இருக்கிறது. ஆலையில் உருளைகளுக்கு இடையே விட்டு நசுக்கி நீட்டும்போது, எஃகின் படிகங்களும் அதிலுள்ள சிறு கழிவுத் துகள்களும் அந்தத் திசையில் நீண்டு படுத்துவிடுகின்றன. மடிப்புக் கோடு அந்தத் திசைக்குக் குறுக்கே போனால் தகடு தாங்கும். அதே திசையில் போனால் விரிசல் விட வாய்ப்பு அதிகம்.

'ஒரே தகடுதான், காலையில் நல்லா மடிஞ்சது, மத்தியானம் விரியுது' என்ற புகாருக்குப் பல நேரம் இதுதான் காரணமாக இருக்கும். துண்டு மிச்சமாகக்கூடாது என்று தகட்டைத் திருப்பிப் போட்டு வெட்டியிருப்பார்கள். முழுத் தகட்டில் திசையைக் காட்டி ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு வெட்டினால் செலவே இல்லாமல் தவிர்க்கலாம்.

லீவரில் பிசிறு இருந்தா பூட்டு சிக்கும்

பூட்டின் பாதுகாப்பு அதன் மேல் தகட்டில் இல்லை, உள்ளே இருக்கும் லீவர்களில் இருக்கிறது. சாவி ஒவ்வொரு லீவரையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் திறக்கும். அந்த லீவரின் ஓரத்தில் பிசிறு இருந்தால் பக்கத்து லீவரோடு உரசும்.

பிரஸ்ஸில் வெட்டும்போது கத்தி போல முழுவதும் அறுபடுவதில்லை. பஞ்ச் கொஞ்ச ஆழம் வரை வெட்டுகிறது, மீதி தானாகக் கிழிகிறது. பஞ்சுக்கும் டைக்கும் நடுவில் விடும் இடைவெளி சரியாக இருந்தால், மேலிருந்தும் கீழிருந்தும் வரும் கிழிசல்கள் ஒன்றாகச் சந்திக்கும். மென்எஃகுக்கு ஒரு பக்கத்துக்குத் தடிமனில் சுமார் 5 முதல் 10 சதவீதம் இடைவெளி என்பது பொதுவான கணக்கு. இடைவெளி கூடினாலோ, பஞ்ச் முனை மழுங்கினாலோ பிசிறு வளரும். அதை ராவி எடுக்க மறுபடி அரம் வேண்டும். மெஷினில் மிச்சமான நேரம் அரத்தில் போய்விடும்.

(பிரஸ்ஸில் இன்னொரு பெரிய விஷயம், விரல். தடுப்பு இல்லாத பிரஸ்ஸில் யாரையும் உட்கார வைக்கக்கூடாது.)

திருச்சியில் என்ன செய்தார்கள்?

ஒரு தகடு எவ்வளவு இழுவையைத் தாங்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா? முடியும். தகட்டின் மேல் சில மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டங்களை வரிசையாக அச்சிடுவார்கள். பிறகு குமிழ் முனையுள்ள பஞ்சால் கிழியும் வரை அழுத்துவார்கள். வட்டங்கள் நீள்வட்டங்களாக மாறியிருக்கும். கிழிந்த இடத்துக்குப் பக்கத்தில் உள்ள நீள்வட்டத்தை அளந்தால், எவ்வளவு வரை பத்திரம், எங்கே ஆபத்து என்று ஒரு எல்லைக்கோடு வரையலாம். 1960களில் அமெரிக்காவில் கீலர் இந்த வரைபடத்தின் ஒரு பாதியை உருவாக்கினார். 1968ல் குட்வின் மறு பாதியைச் சேர்த்தார். கார் உதிரிபாகத் தொழிலில் இன்றைக்கும் இதுதான் அடிப்படை.

திருச்சி தேசிய தொழில்நுட்பக் கழகத்தின் உற்பத்திப் பொறியியல் துறையில் பேராசிரியர் ஆர்.நாராயணசாமியும் சி.சத்திய நாராயணனும் 2000களில் இந்தியத் தயாரிப்பு 'இன்டர்ஸ்டிஷியல் ஃப்ரீ' எஃகுத் தகடுகளுக்கு இப்படிப்பட்ட எல்லை வரைபடங்களை உருவாக்கி வெளியிட்டார்கள். தகடு எங்கே கிழியும், எங்கே சுருங்கி மடிப்பு விழும் என்பதும் அந்த ஆய்வுகளில் அடக்கம். இந்த எஃகில் கார்பன் 0.005 சதவீதத்துக்கும் குறைவு. மிச்சமுள்ள கொஞ்சத்தையும் டைட்டானியம் அல்லது நையோபியம் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் ஆழமாக இழுத்தாலும் எளிதில் கிழியாது.

பட்டறைக்கு இவ்வளவு பெரிய சோதனை தேவையில்லை. 20 மில்லிமீட்டர் உருண்டை முனையை விரிசல் தெரியும் வரை தகட்டில் அழுத்தி, எத்தனை மில்லிமீட்டர் ஆழம் போனது என்று பார்க்கும் 'எரிக்சன்' கிண்ணச் சோதனை இருக்கிறது. சின்ன கருவி, ஐந்து நிமிட வேலை. தொழில் கூட்டுறவு சங்கமோ, உள்ளூர் பாலிடெக்னிக்கோ ஒன்று வாங்கி வைத்தால் பல பட்டறைகளுக்குப் பயன்படும்.

பில்லில் என்ன கேட்கணும்?

குளிர்நிலையில் உருட்டிய மென்எஃகுத் தகட்டுக்கு இந்தியத் தர எண் ஐ.எஸ்.513. அதில் சி.ஆர்.1, சி.ஆர்.2 என்று சி.ஆர்.5 வரை ரகங்கள் உண்டு. சி.ஆர்.1 சாதாரண மடிப்பு வேலைக்கு. எண் கூடக் கூட ஆழமாக இழுக்கலாம். சி.ஆர்.5 என்பது மேலே சொன்ன இன்டர்ஸ்டிஷியல் ஃப்ரீ ரகம். பூட்டின் மேல் தகட்டுக்கு சி.ஆர்.5 வீண் செலவு. கிண்ணம் போல ஆழமாக இழுக்க வேண்டிய உருப்படிக்கு சி.ஆர்.1 போட்டால் கிழியும்.

கிலோ கணக்கில் கட் பீஸாக வாங்கும்போது இந்த விவரம் எதுவும் கூட வராது. அந்த இடத்தில் உதவுவது ஒரு பழைய சோதனைதான். ஒரே தகட்டில் நீளவாக்கில் ஒரு பட்டை, குறுக்குவாக்கில் ஒரு பட்டை வெட்டி, இரண்டையும் 90 டிகிரிக்கு மடித்து, எவ்வளவு நிமிர்கிறது, எது விரிகிறது என்று பார்த்துவிட்டு டையை அமைக்க வேண்டும்.

பீரோ கதவில் கோடு கோடாகத் தெரிவது ஏன்?

பெயின்ட் அடித்த கதவைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் சில நேரம் தீ நாக்கு போன்ற கோடுகள் தெரியும். ஜெர்மனியில் 1860ல் லூடர்ஸ் எழுதிவைத்ததால் 'லூடர்ஸ் கோடு' என்று பெயர். சில ரகத் தகடுகளை மாதக்கணக்கில் ஸ்டாக்கில் போட்டுவைத்தால், அதிலுள்ள கார்பனும் நைட்ரஜனும் மெல்ல நகர்ந்து படிகப் பிசகுகளைக் கட்டிப்போடுகின்றன. பிறகு வளைக்கும்போது தகடு சீராக இல்லாமல் பட்டை பட்டையாக இழுபடும். சி.ஆர்.4, சி.ஆர்.5 ரகங்களில் இந்தத் தொல்லை இல்லை. மற்ற ரகங்களை முதலில் வந்ததை முதலில் எடுத்து வேலை செய்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். கதவில் அந்தக் கோடு இருப்பதால் பீரோவின் பலம் குறையாது. பார்வைக்கு மட்டும்தான் குறை, விலையைக் குறைத்துக் கேட்க அது போதும்.