ஆலையும் உடலும் – 9: ஷிஃப்ட் மறைக்கும் குடிநோய்

குடிப்பழக்கம் குடிநோயாகிவிட்டதை அளவு மட்டும் காட்டிக்கொடுக்காது. அடக்க முடியாத வேட்கை, தொடங்கினால் நிறுத்த முடியாமை, முன்பு போதுமாயிருந்தது இப்போது போதாமல் போவது, குடிக்காத நேரத்தில் கைநடுக்கம், மற்ற அக்கறைகள் கைநழுவுவது, கேடு தெரிந்தும் தொடர்வது என்று ஆறு அடையாளங்களை உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய் வகைப்பாடு வகுத்தது. ஓராண்டுக்குள் இவற்றில் மூன்று சேர்ந்து காணப்பட்டால் அது நோய். கஞ்சாவுக்கும் போதைக்காக விழுங்கும் வலி மாத்திரைக்கும் இதே அளவுகோல்தான்.

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் வரை பரந்த ஆலைப் பகுதியில் இந்த அடையாளங்கள் எளிதில் கண்ணில் படுவதில்லை. காலையில் எழுந்ததும் குடிப்பது நோய் முற்றியதன் அறிகுறி. ஆனால் இரவு ஷிஃப்ட் முடித்து வருபவருக்குக் காலை ஏழு மணிதான் மாலைப்பொழுது. ஒரே அறையில் நான்கைந்து பேர் ஷிஃப்ட் மாற்றித் தூங்கும் வாடகை வீட்டில், யார் எப்போது குடிக்கிறார் என்று கவனிக்க ஆளில்லை. மனைவியும் பெற்றோரும் திருவண்ணாமலையிலோ பீகாரிலோ இருக்கிறார்கள். நிரந்தரத் தொழிலாளி தடுமாறினால் எச்சரிக்கைக் கடிதமாவது வரும். கான்ட்ராக்ட் தொழிலாளியை நாளை முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டால் வேலையோடு நோயும் கணக்கிலிருந்து போய்விடுகிறது.

ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி பிராந்தியில், ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். இரவு 10 மணிக்குக் கடை மூடுமுன் வாங்கி இரண்டு குவார்ட்டர் குடித்தவர், காலை 6 மணிக்கு மெஷின் முன் நிற்கும்போதும் போதையோடுதான் நிற்கிறார். குளித்தாலும் மோர் குடித்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

நிறுத்துவதில்தான் பலரும் அறியாத ஆபத்து இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் தினமும் குடித்தவரின் நரம்பு மண்டலம் மதுவின் அழுத்தத்துக்கு ஈடுகொடுத்தே பழகியிருக்கும். மது திடீரென நின்றால் அது கட்டுமீறித் துள்ளும். முதல் நாளிலேயே நடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும் தொடங்கும். டீ கிளாஸைப் பிடிக்க இரண்டு கையும் தேவைப்படும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் சிலருக்குப் பிதற்றல் வரும்: இல்லாத பூச்சிகளைத் தட்டுவார், கட்டிலில் இருந்தபடியே போல்ட் முடுக்குவார். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். சபரிமலைக்கு மாலை போட்டோ, ஊருக்குப் போன இடத்திலோ சட்டென்று நிறுத்தியவருக்கு வலிப்பு வந்தால், சாமி குற்றம், வெயில் என்று காரணம் தேடுகிறார்கள். அங்கே செய்ய வேண்டியது ஆம்புலன்ஸை அழைப்பது.

ஆகவே சிகிச்சையின் முதல் கட்டம் மருத்துவரின் கண்காணிப்பில் மதுவை நிறுத்துவது. நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க மாத்திரைகளைச் சில நாட்கள் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். மூளையைக் காக்கத் தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள். ஒரு வாரத்தில் உடல் தேறிவிடும். வீட்டார் இதையே குணமானதாக எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் சிகிச்சை அதன் பிறகுதான் தொடங்குகிறது. வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் உண்டு. டைசல்ஃபிராம் என்ற இன்னொன்றின் கதை ஆலையிலேயே பிறந்தது. ரப்பரைப் பதப்படுத்தும் இவ்வகை ரசாயனத்தோடு வேலை செய்தவர்களுக்கு மது ஒத்துக்கொள்ளவில்லை என்பதை அமெரிக்க ஆலை மருத்துவர் ஒருவர் 1937இல் எழுதினார். 1948இல் டென்மார்க் ஆய்வாளர்கள் அதை மருந்தாக்கினர். இதை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும். இத்தகைய மருந்தைக் கணவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலப்பது கொலைக்குச் சமமான ஆபத்து. ரகசியமாகக் கொடுத்துக் குடியை மறக்கடிப்பதாகச் சொல்லும் விளம்பரங்களை நம்பவே கூடாது.

மருந்தோடு ஆலோசனையும், மாதக்கணக்கில் தொடர் கவனிப்பும் வேண்டும். குடிநோய்க்குக் கணவர் டி.டி. ரங்கநாதனைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டிடிகே மருத்துவமனை, நோயாளியோடு குடும்பத்தாருக்கும் சிகிச்சைத் திட்டம் வகுத்தது. 1935இல் அமெரிக்காவின் டயர் நகரமான ஆக்ரனில் பிறந்த ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) இயக்கத்தின் கூட்டங்கள் சென்னையிலும் கட்டணமின்றி நடக்கின்றன. மீண்டும் ஒருமுறை குடித்துவிட்டால் எல்லாம் வீண் என்று கைவிடக் கூடாது. நீரிழிவில் சர்க்கரை ஏறினால் செய்வதைப்போல மருந்தையும் முறையையும் திருத்த வேண்டும்.

இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் சிகிச்சை கிடைத்தது என்று 2019இல் வெளியான எய்ம்ஸ் தேசிய ஆய்வு சொல்கிறது. ஆலைப் பகுதியில் வேலை போய்விடும் என்ற பயமும் இதில் சேர்ந்துகொள்கிறது. கேட்டில் மூச்சுப் பரிசோதனை செய்து திருப்பி அனுப்பும் நிர்வாகம், அதே ஆளை மருத்துவரிடம் அனுப்பாவிட்டால் பாதி வேலையைத்தான் செய்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தால் வரும் பாதிப்பையும் மனநோயாகவே ஏற்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு உண்டு. தமிழ்நாடு அரசு 2025இல் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கிறது. ஒரகடத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டும் தூரம்தான்.

தனியார் மையத்தில் சேர்ப்பவர்கள் முதலில் பதிவுச் சான்றைக் கேட்க வேண்டும்; மனநல மருத்துவர் எந்தெந்த நாளில் வருகிறார் என்றும் கேட்க வேண்டும். கட்டிப்போடும், அடிக்கும் இடம் சிகிச்சை மையமே அல்ல. சங்கிலியிடுவது சட்டப்படி குற்றம். எங்கே தொடங்குவது என்று புரியாதவர்கள் 14446 என்ற தேசிய போதை மீட்பு எண்ணையோ 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணையோ அழைக்கலாம். டெலிமானஸில் தமிழிலும் இந்தியிலும் பேசலாம். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.