ஆற்றோரத்து அடுக்குமாடி வீடு



தோட்டங்கள் விற்கப்பட்டபோது லயத்தை விட்டு அடுக்குமாடிக்குக் குடியேறிய குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். கோலாலம்பூர் வட்டாரத்தில் அத்தகைய அடுக்குமாடிகள் சில கிள்ளான் ஆற்றை நோக்கி நிற்கின்றன. பி.பி.ஆர். எனப்படும் மக்கள் வீடமைப்புத் திட்டத்தின் வீடு ஒன்று சுமார் 700 சதுர அடி. அதாவது, 20 அடி அகலமும் 35 அடி நீளமும் உள்ள இடம். மூன்று படுக்கையறைகளும் கூடமும் சமையலறையும் குளியலறையும் அதற்குள் அடங்க வேண்டும்.

லயத்து வீடு சிறியது; ஆனால் வாசல் பெரியது. பிள்ளைகள் விளையாடவும், அக்கம்பக்கத்தாரோடு பேசவும் அங்கே இடமிருந்தது. அடுக்குமாடியில் அந்த வாசலுக்கு ஈடாக நமக்கு இருப்பது ஆற்றுப் பக்கத்துச் சன்னல்தான். நாமோ, பெரிய அலமாரியைக் கொண்டுபோய் அதன் முன்னே நிறுத்திவிடுகிறோம்!

காற்று நுழைய ஒரு வழி இருந்தால் போதாது. வெளியேறவும் வழி வேண்டும். ஆகவே, சன்னலுக்கும் எதிர்ப்பக்கத்துக் கதவுக்கும் இடையே இரண்டரை அடி அகலத்துக்கு எதையும் வைக்காமல் விடுவோம். பகலில் கம்பிக்கதவைப் பூட்டிக்கொண்டு மரக்கதவைத் திறந்து வைத்தால் காற்று வீட்டின் ஊடே செல்லும்.

அலமாரிக்கு உரிய இடம் பக்கச் சுவர். சுவரோடு ஒட்டாமல் நான்கு விரற்கடை தள்ளி வைக்க வேண்டும். காற்றுப் புகாத ஈரச் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். அது இழுப்பு நோய் உள்ள பிள்ளைகளுக்குக் கெடுதல். பள்ளிப் பிள்ளைகளின் மேசையைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் போட்டால், பகலில் விளக்கின்றிப் படிக்கலாம்.

சன்னல் மேற்கு நோக்கியிருந்தால் பிற்பகல் வெயில் சுடும். அதற்கு மூங்கில் திரை போதும்; மாலையில் அதைச் சுருட்டிவிடலாம். கொசு வரும் அந்தி வேளைக்குக் கம்பிவலை அடித்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றை மறக்கவே கூடாது. சன்னலின் கீழே கட்டில், நாற்காலி, பெட்டி எதுவும் இருக்கலாகாது. ஆற்றைப் பார்க்கும் ஆசையில் குழந்தை அதன்மேல் ஏறும். இரும்புக் கம்பி அடித்த பிறகே சன்னலைத் தாராளமாகத் திறக்க வேண்டும்.

கீழ்த்தளத்தில் இருப்போருக்கு ஆறு அழகு மட்டுமன்று. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெருவெள்ளம் வந்தபோது பல குடும்பங்கள் வீட்டுப் பொருள்களை எல்லாம் இழந்தன. பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம் ஆகியவற்றை நெகிழிப் பையிலிட்டு உயரமான தட்டில் ஒரே இடத்தில் வைப்போம். அவசரத்தில் ஒரு கையால் எடுத்துக்கொண்டு வெளியேறலாம்.

இவற்றுக்குப் பெரிய செலவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை, வீட்டார் அனைவரும் சேர்ந்து அந்த அலமாரியைச் சன்னலை விட்டு நகர்த்துவோம்.