தார்ப்பாய்க்குக் கீழே ஒரு வணிகவியல் வகுப்பு

பி.காம்., பி.பி.ஏ. பிள்ளைகளிடம் சுற்றுச்சூழல் பாடத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "ஈ.வி.எஸ்.தானே மேடம், முந்தின நாள் ராத்திரி பாத்துக்கலாம்" என்பார்கள். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவால் கல்லூரிக்குள் வந்த பாடம் அது. வழக்காடிப் பெற்ற பாடம், 'பசுமை இல்ல வாயுக்கள் யாவை?' என்ற ஐந்து மதிப்பெண் கேள்வியாகச் சுருங்கிக் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

நான் மயிலாப்பூரில் வணிகவியல் கற்பிக்கிறேன். என் மாணவர்களில் பலர் வகுப்பு முடிந்ததும் நேராகத் தி.நகர் கடைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள். பேரம் அவர்களுக்கு அத்துப்படி. அதனால் பருவநிலை மாற்றத்தையும் பேரமாகவே நடத்துகிறேன்.

'வேர்ல்டு கிளைமேட்' என்றொரு விளையாட்டு இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. மேலாண்மைப் பள்ளியும் 'கிளைமேட் இன்டராக்டிவ்' என்ற அமைப்பும் சேர்ந்து உருவாக்கியது. வகுப்பை அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், சீனா, இந்தியா, மற்ற வளர்ந்த நாடுகள், மற்ற வளரும் நாடுகள் என்று பிரிக்க வேண்டும். பணக்கார நாடுகளுக்கு மேசை, நாற்காலி, தின்பண்டம். ஏழை நாடுகளுக்கு வெறும் தரை. கரியமில வாயு வெளியேற்றம் கூடுவதை எந்த ஆண்டோடு நிறுத்திக் குறைக்கத் தொடங்குவார்கள், ஆண்டுக்கு எத்தனை சதவீதம், பொது நிதிக்கு எவ்வளவு பணம் என்று ஒவ்வொரு அணியும் பேசி முடிவெடுக்கும். அந்த எண்களை 'சி-ரோட்ஸ்' மென்பொருளில் போட்டால், 2100-ல் பூமி எவ்வளவு சூடாகியிருக்கும் என்று அடுத்த நொடியே திரையில் தெரியும்.

முதல் சுற்றில் கணக்கு உதைக்கும். எல்லோரும் தாராளமாகக் கொடுத்துவிட்டதாக நினைப்பார்கள். திரையில் வெப்ப உயர்வு 2 டிகிரி இலக்கைத் தாண்டியே நிற்கும். அப்போது கடல்மட்டம் ஏறுவதைக் காட்ட, தரையில் உட்கார்ந்திருப்பவர்கள் தலைக்கு மேல் நீலத் தார்ப்பாயை இழுத்து மூட வேண்டும். எங்கள் வகுப்பில் மின்விசிறிக் காற்றும் புகாத அந்தப் புழுக்கத்திலிருந்து சீனிவாசபுரத்து மாணவி ஒருத்தி தலையை நீட்டினாள். அடையாறு கடலில் கலக்கும் இடத்தில் வீடு. "மேடம், எங்களை மூடறது இருக்கட்டும். அவங்க நிதிக்கு எவ்வளவு போடறாங்கன்னு முதல்ல சொல்லச் சொல்லுங்க!" அமெரிக்காவாக இருந்தவன் ஜவுளிக்கடையில் பகுதிநேரம் வேலை பார்ப்பவன். "நீங்க நிலக்கரியை எப்ப நிறுத்துவீங்க, அதைச் சொல்லுங்க" என்று முறுக்கைக் கீழே வைக்காமலேயே மடக்கினான். அடுத்த அரைமணி நேரம் நான் வாயைத் திறக்கத் தேவையிருக்கவில்லை.

எட்டு நாடுகளில் இதை விளையாடிய 2,000-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்த கட்டுரை 2018-ல் வந்தது. 81 சதவீதம் பேருக்கு, ஏதாவது செய்ய வேண்டும் என்ற உந்துதல் கூடியிருந்தது. சந்தையில் அரசு தலையிடவே கூடாது என்போரிடமும் அந்த மாற்றம் தெரிந்தது. வணிகம் படிப்பவர்களுக்கு இது தோதான வழி என்று நான் நம்ப அதுவும் ஒரு காரணம்.

மறு வகுப்பில் 'என்-ரோட்ஸ்' என்ற மென்பொருள். எந்த நடவடிக்கையால் வெப்பநிலை எவ்வளவு இறங்கும் என்று திரையில் பட்டைகளை நகர்த்திப் பார்க்கலாம். மாணவர்கள் முதலில் கேட்பது மரம் நடுவதைத்தான். எல்லாக் கல்லூரியிலும் நடக்கிற விழா அல்லவா! அந்தப் பட்டையை முழுக்க நகர்த்தியும் வெப்பநிலை கொஞ்சம்தான் இறங்கும். மரம் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும், நிலத்துக்கும் அளவுண்டு. கார்பனுக்கு விலை வைத்தால் நன்றாக இறங்கும். விலை என்றதும் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

பிறகு ஊர்க் கணக்குக்கு வருவோம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, மெட்ரோ வாட்டர் விநியோகம் நாளொன்றுக்கு 83 கோடி லிட்டரிலிருந்து 52.5 கோடியாகக் குறைந்தது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. "மயிலாப்பூரில் உங்களுக்கு ஒரு மெஸ் இருக்கிறது. லாரித் தண்ணீர் வாங்கிச் சாப்பாட்டு விலையை ஏற்றுவீர்களா, மதியச் சாப்பாட்டை நிறுத்துவீர்களா?" என்று கேட்பேன். அந்தக் கோடையில் சில உணவகங்கள் மதியச் சாப்பாட்டை நிறுத்தவே செய்தன.

இன்னொரு கணக்கு கிடங்கு. தி.நகரே 1920-களில் 'லாங் டேங்க்' என்ற பெரிய ஏரியைத் தூர்த்து எழுந்த ஊர். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது, ஏரி இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தை வைத்துக்கொண்டு, சரக்கை அடித்தளத்தில் அடுக்கலாமா, மாடிக்கு ஏற்றினால் வாடகை எவ்வளவு, காப்பீட்டுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள். தங்கள் கடையில் சரக்கு எங்கே இருக்கிறது என்று முதலாளியிடம் கேட்டு வந்தவர்களும் உண்டு.

வேலைக்கும் இது உதவும். முதல் 1,000 பட்டியலிட்ட நிறுவனங்கள் சுற்றுச்சூழல் விவரங்களையும் வெளியிட வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2022-23 முதல் கட்டாயமாக்கிவிட்டது. அவற்றைத் தயாரிக்கக் கணக்குப் படித்தவர்கள் வேண்டும்.

மென்பொருள் இலவசம். ஒரு மடிக்கணினி, புரொஜெக்டர், தார்ப்பாய் போதும். கிடைக்காதது நேரம்தான். விளையாட்டுக்கு இரண்டு மூன்று மணி நேரமாவது வேண்டும். ஐம்பது நிமிட பீரியடில் பேரம் சூடு பிடிக்கும்போதே மணி அடித்துவிடுகிறது. இந்த செமஸ்டரில் இரண்டு சனிக்கிழமைகள் ஒதுக்கித் தரச் சொல்லி முதல்வரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.