நாள்தோறும் ஒரு கோலம்

ஓவியன் தான் தீட்டிய படத்தைச் சுவரில் மாட்டிக் காக்கின்றான். சிற்பி அழியாக் கல்லிலே தன் கருத்தைச் செதுக்குகின்றான். தம் கைவினை நெடுநாள் நிலைத்தல் வேண்டுமென்பதே இருவர் விருப்பமும் ஆகும். காலையிற் பிறந்தது மாலைக்குள் மறைந்துவிடும் என்று தெரிந்தே, ஒரு கலையை நாள்தோறும் செய்வாரும் உளர். அவர் நம் தாய்மார், அக்கலை கோலம். அதனை மிதியாது ஒதுங்கிச் செல்லும் நாம், அஃது எவ்வாறு அமைகின்றது, எங்ஙனம் தலைமுறைகளைக் கடந்து வருகின்றது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அதனைச் சிறிது ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

கோலம் என்னும் சொல்லுக்கு அழகு, உருவம், ஒப்பனை என்பன பொருளாம். மாசித் திங்களின் முன்னாள்களில் நுண்மணலால் தெருவை அணிசெய்தலை ஆண்டாள் தம் நாச்சியார் திருமொழியின் தொடக்கத்திலேயே குறிப்பிடுதலின், இவ்வழக்கின் பழமை விளங்கும். வைகறையில் வாயிலைப் பெருக்கி, நீரோ சாணநீரோ தெளித்து, ஈரம் புலருமுன் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே மாவை இழையவிட்டுக் கோலமிடுவர். பண்டு இதற்கு அரிசிமாவே பயன்பட்டது. எறும்பும் சிறுபறவையும் அதனை உண்ணும். இக்காலத்தே வெண்கற்பொடி மலிந்துவிட்டமையால், அவ்வுயிர்கட்கு அவ்விருந்து குறைந்தது.

கோலத்திற்கு அடிப்படை புள்ளி. ஒரு புள்ளியின் நேர்கீழே மற்றொன்று அமைவது நேர்ப்புள்ளி. இரண்டு புள்ளிகளுக்கு இடையே அடுத்த வரிசைப் புள்ளி அமைவது இடைப்புள்ளி. "7 புள்ளி, 4 வரை, இடைப்புள்ளி" என்றால், நடுவரிசையில் 7 புள்ளி வைத்து, அதன் இருபுறமும் 6, 5, 4 எனக் குறைத்துக்கொண்டு செல்லல் வேண்டும். மொத்தம் 37 புள்ளி. இதன்கண் உள்நிற்கும் ஒவ்வொரு புள்ளியையும் ஆறு புள்ளிகள் சூழ்ந்து நிற்கும். தேனீ தன் கூட்டில் அறைகளை அடுக்கும் முறையும் இதுவே. ஆதலின் இடைப்புள்ளியில் ஆறிதழ்ப் பூக்களும் விண்மீன்களும் எளிதிற் பிறக்கின்றன. தாமரை, மாங்காய், மயில், மீன், சங்கு என வேறு பலவும் இப்புள்ளிகளினின்றே எழும். வெற்றிலைக்குப் பேர்பெற்ற எங்கள் ஆத்தூரிலோ, கொடிக்காலில் அகத்தியைப் பற்றி ஏறும் வெற்றிலைக் கொடியே என் ஆச்சியின் கோலங்களுக்குப் பெரும்பாலும் கரையாக அமையும்.

புள்ளிகளை இணைக்காது, அவற்றைச் சுற்றி வளைந்தோடும் கோடுகளால் அமைவது சிக்குக் கோலம். இதிற் கோடு எங்கும் அறுந்து நிற்றல் கூடாது. தொடங்கிய இடத்திற்கே மீளல் வேண்டும். சென்னைக் கிறித்துவக் கல்லூரியிற் புள்ளியியற் பேராசிரியராய் விளங்கிய கிஃப்ட் சிரோமணி அவர்கள் இதனைக் கணித நோக்கில் ஆராய்ந்தார். சிறியதொரு கோலம் இன்ன விதியாற் பெரிய கோலமாய் வளரும் என்று, மொழிக்கு இலக்கணம் வகுப்பதுபோலக் கோலத்திற்கும் வகுத்து, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் 1974இல் கட்டுரை வெளியிட்டார். நேரே செல்லல், திரும்பல், புள்ளியைச் சுற்றி வளைதல் என, கையின் அசைவுகளாகவும் கோலத்தைப் பகுத்துக் காட்டினார். இதன் உண்மையை நான் நூலில் அறியுமுன் எங்கள் வாயிலிற் கண்டேன்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18ஆம் நாள்களிற் பெய்த பெருமழையில், எங்களூர்க்கு அண்மையிலுள்ள காயல்பட்டினத்தில் ஒருநாட் பொழுதிற்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. பொருநை கரைபுரண்டது. கொடிக்கால்கள் நீரில் மூழ்கின. எங்கள் இல்லத்துள்ளும் வெள்ளம் புகுந்தது. ஆச்சி தாம் மணமாகி வந்த நாள்முதல் எழுதிச் சேர்த்த கோல நோட்டு, மை கரைந்து சேற்றிற் கிடந்தது. அதனை எடுத்துவைத்துக்கொண்டு நான் அழுதேன். "ஏட்டி, நோட்டு போனா போவட்டும். கை இருக்குல்லா?" என்றார் ஆச்சி. வாயிற்சேற்றை வழித்துக் கழுவிய அன்றே, பரணில் நனையாது தப்பிய கோலப்பொடியால் சிறு கோலம் ஒன்று இட்டார். நாங்கள் கிறித்தவர், எம்மவர் இல்லங்கள் எல்லாவற்றிலும் இவ்வழக்கு இல்லை. எனினும், அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் காலையில் எங்கள் வாயிலில் அவர் இட்ட விண்மீனே எங்களுக்கு வாய்த்த ஒரே அலங்காரம்.

அழிந்த நோட்டை மீண்டும் எழுத முயன்றேன். "அடுத்த கோடு எங்கே போகும், ஆச்சி?" என்று தாளை நீட்டினால், அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. வாயிலிற் குனிந்தபோதோ கை தானே சென்றது. ஆதலின் நாளொன்றுக்கு ஒரு கோலமாக அவர் தரையில் இட, நான் அருகிருந்து இட்டுப் பழகினேன். முதற் பத்து நாளும் என் கோடு தொடங்கிய இடத்திற்குத் திரும்பவேயில்லை. பதினோராம் நாள் திரும்பிற்று. அதன்பின் அக்கோலத்தை நான் தாளில் எழுதவுமில்லை, மறக்கவுமில்லை.

நாள்தோறும் அழிதல் கோலத்திற்குக் குறையென்று முன்னர் எண்ணியிருந்தேன். அழிவதனாலன்றோ மறுநாளும் இடவேண்டியதாகிறது. இடுவதனாலன்றோ கை மறவாதிருக்கிறது. வாயிலில் ஒட்டப்படும் அச்சுக்கோலமும், வண்ணத்தில் தீட்டிய கோலமும் பலநாள் அழியா என்பது உண்மையே. ஆயினும், அவை நிற்குமிடத்தில் அடுத்த தலைமுறையின் கை ஒன்றும் கல்லாது. கோலமிடுதல் மகளிர்க்கு மட்டும் உரிய வேலை என்று ஆடவர் ஒதுங்குவதாலும் அக்கைகளிற் பாதி வீணாகிறது.

அன்பர்காள், ஒரு சாண் இடமும் ஒரு பிடி அரிசிமாவும் போதும். விடுமுறைக்கு இல்லம் செல்லும்போது, உங்கள் ஆச்சியோ அன்னையோ குனியும் அவ்வேளையில் அருகே சென்று குனியுங்கள். நோட்டுப் புத்தகத்தை உள்ளே வைத்துவிட்டுச் செல்லுங்கள்.